மூடியைத் திறக்காமலே பிழை கண்டுபிடிப்பவர்

நம்மிடையே ஒரு வகை மனிதர் இருக்கிறார். சாமான் பழுது என்று நீங்கள் சொல்லி முடிக்குமுன்பே அதன் நோய் இன்னதென்று அவருக்குத் தெரிந்துவிடும். திறந்து பார்ப்பது அவரைப் பொறுத்தவரை கற்றுக்குட்டிகளின் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அது கொயில்தான்" என்பார். எந்தக் கம்பிச்சுருள்? அந்தச் சாமானில் கொயில் என்று ஒன்று இருக்கிறதா? அதெல்லாம் பிறகு.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இந்த இனம் செழிப்பாகவே விளைகிறது. கப்பல் ஒரு காரணம். இரண்டு வருடம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவருக்கு, அங்கே அவர் செய்தது பெயிண்ட் பூசும் வேலையாகவே இருந்தாலும், உலகத்து மோட்டர்கள் எல்லாம் சொந்தக்காரர்களாகிவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் மற்றக் காரணம். அவை பக்கத்தில் இருப்பதால், சுடுதண்ணீர் விஷயத்தில் தனக்குப் பிறவியறிவு உண்டென்று இங்கே ஒவ்வொருவரும் நம்புகிறார்.

இராசநாயகத்தாரைப் பாருங்கள். லிங்கநகரில் சிறிய விடுதி நடத்தும் சிவரூபி, மூடப்பட்ட ஹோட்டல் ஒன்றிலிருந்து பலர் இறங்கி உட்கார்ந்து குளிக்கும் பழைய சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கி முற்றத்தில் வைத்தாள். மோட்டர், குமிழி, விளக்கு, சூடாக்கி எல்லாம் உள்ள தொட்டி. அதன் படத்தைப் பார்த்துத்தான், கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க வரும் ஒரு கூட்டம் விடுதி முழுவதையும் பதிவு செய்தது. சுடுதண்ணீர் இல்லையென்றால் நிலாவெளிக்குப் போய்விடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டது. அந்தப் பருவத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பதிவு அது.

தொட்டி வந்ததும், சனிக்கிழமை, முதல் ஆளாக இறங்கிச் சோதித்துத் தந்தவர் பக்கத்து வீட்டு இராசநாயகத்தார்தான். நல்ல சூடு என்று சான்றிதழும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மோட்டர் ஓடியது, விளக்கு எரிந்தது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை.

கொயில் என்றார். புதுக் கொயில் வந்தது; தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. தெர்மோஸ்டாட் என்றார். அதுவும் மாறியது. திருப்புளியின் நுனியை மோட்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடி, நாடி பார்க்கும் வைத்தியரைப் போல நெடுநேரம் கேட்டுவிட்டு, சர்க்கியூட் போட் என்றார். சாமான் கடையில் பழைய போட் ஒன்று தேடிப் பிடித்துப் பூட்டினார். விளக்குகள் முன்னிலும் அழகாக மின்னின. தண்ணீர்? அதைப் பற்றி அவரிடம் கேட்பது மரியாதையல்ல. ஒவ்வொரு தோல்வியும் அவருக்கு அடுத்த தீர்ப்புக்கான ஆதாரம்.

கடைசியில் லிங்கநகர்க் கரண்டிலேயே வலு இல்லை என்று கண்டுபிடித்தார். அதே கரண்டில் கேத்திலில் தண்ணீர் கொதிக்கிறதே என்று சிவரூபி கேட்டாள். கேத்தில் வேறு, இது வேறு என்று விளக்கினார்.

விருந்தினர் வரும் நாள் வந்தது; பின்னேரம் வந்துவிடுவார்கள். அன்று காலை அவர் சூடாக்கிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் சுவிட்சைக் குற்றவாளியாகப் பிடித்தார். தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால் மட்டும் சூடாக்கிக்குக் கரண்ட் விடும் பாதுகாப்புச் சுவிட்ச் அது.

"தங்கச்சி, நான் கப்பலில நிண்டனான். இது சும்மா பயப்பிடுற சுவிட்ச். ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிவிட்டா அலுவல் முடிஞ்சுது."

சிவரூபி போய் மெயின் சுவிட்சை நிறுத்தினாள். அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"அண்ணை, அது ஏன் பயப்பிடுது எண்டு கேட்டனீங்களோ?"

"ஏனாம்?"

"தண்ணி ஓட்டம் காணாதாம். பில்டரைப் பாப்பம்."

"பில்டரோ? அது கரண்டில ஓடுற சாமானில்லையே."

அவளே மூடியைத் திறந்து வடிகட்டியை இழுத்தெடுத்தாள். மண்ணிறக் களி அப்பிக் கிடந்தது. முற்றம் முழுக்க வாசம் எழுந்தது: நல்லெண்ணெய், சீயக்காய். சோதனைக்கு இறங்கிய மனிதர் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வைத்துச் சீயக்காயும் தேய்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்!

சிவரூபி அவரைப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பார்த்தார்.

"சனிக்கிழமையில எண்ணெய் வைக்காமக் குளிக்க ஏலுமே, தங்கச்சி?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

குசினியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் வடிகட்டியைத் தேய்த்துக் கழுவி, தொட்டியையும் துடைத்துப் புதுத் தண்ணீர் விட்டாள். பின்னேரம் ஆவி பறந்தது. வந்தவர்கள் பயணப் பைகளைக்கூட அறைக்குக் கொண்டுபோகாமல் உள்ளே இறங்கினார்கள். கரையில் பிளேன்ரீக் கோப்பையோடு நின்ற இராசநாயகத்தார், தான் மாற்றிய கொயில், தெர்மோஸ்டாட், போட் மூன்றின் மகிமையையும் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் எழும்பி நின்று கைகுலுக்கினார்கள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் ஒன்று கேட்கிறேன். மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் மனம் சும்மா இருந்ததா? இன்னதுதான் போயிருக்கும் என்று உள்ளே ஒரு குரல் தீர்ப்புச் சொல்லவில்லையா? சொல்லியிருந்தால், அயலவர்கள் தங்கள் வீட்டுப் பழுதுகளை ஏன் உங்களிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்பது இப்போது விளங்கியிருக்கும்.