எண்ணெய்ச் சூடு தணிப்பு உயர்மட்டக் குழு

“சூடு எதனாலன்னு நீ ஒருத்தியே கண்டுபிடிச்சுட்டா, அப்புறம் குழு எதுக்கும்மா?”

பழம்பெரும் வாகனப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் ஒருமுறை மெக்கானிக்கிடம் இப்படிக் கேட்டார். மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து சூட்டைப் பற்றி இவ்வளவு ஆழமான கேள்வியை எவரும் கேட்டதில்லை. மெக்கானிக் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். இப்படிப்பட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வது மரியாதை இல்லை.

சங்கத்தில் எல்லாரும் அவளை ‘ஸ்பானரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான். சங்கத்தின் ஒரே சொத்தான பழைய பந்தயக் கார் அவள் கைக்கு வந்தபோது மூன்று சாக்குப்பைகளில் வந்தது. பதினோரு மாதம் உட்கார்ந்து அதை மறுபடியும் காராக்கினாள். கூலியாகச் சங்கக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையைக் கொடுத்தார்கள். சங்கத்தின் மெக்கானிக்காக இருக்கிற வரைக்கும் அது அவளுடையது.

அந்தக் காரில் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. இன்ஜின் பின்பக்கம் இருக்கும். பின்மூடியில் வரிவரியாக இடுக்குகள் இருக்கும். உள்ளேயிருக்கும் விசிறி அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுத்து இன்ஜின்மேலும் எண்ணெய்மேலும் ஊதும். காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிற வண்டி.

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு பித்தளைத் தகடு செய்தார்கள். நிர்வாகிகள் இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று பெயர். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் படித்துப் பயன்பெற வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, அந்த இடுக்குகளின்மேலேயே அதைத் திருகினார்கள். அன்றிலிருந்து எண்ணெய் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்க ஆரம்பித்தது.

“தகடு மூக்கை அடைக்குது சார். கழட்டிட்டா சரியாயிடும்,” என்றாள் ஸ்பானரக்கா. அதற்குத்தான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

குழு அமைந்தது. செயலாளர், தலைவருடைய மனைவியின் தம்பி. வீட்டில் ‘அத்தான்’ என்பார், கூட்டத்தில் ‘தலைவர் அவர்களே’ என்பார், அவசரத்தில் இரண்டும் கலந்து வரும்.

முதல் கூட்டத்தில் எண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டுமா, இளக்கமாக இருக்க வேண்டுமா என்று விவாதித்தார்கள். ஜனநாயக முறைப்படி ஓட்டெடுப்பு நடந்தது. பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற கணக்கில் கெட்டி எண்ணெய் வென்றது. முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. அது ஓட்டுப் போடவில்லை.

இரண்டாம் கூட்டத்தில், உறுப்பினரான டாக்டர், நோயாளிக்குப் பார்ப்பதுபோல் வண்டிக்கும் நாளைக்கு நான்கு வேளை வெப்பம் பார்த்து அட்டவணை போட வேண்டும் என்றார். போட்டார்கள். நான்கில் மூன்று வேளை வண்டி கொட்டகையில் நின்றிருந்தது. சராசரி மிகவும் ஆரோக்கியமாக வந்தது. ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று அறிக்கை சொன்னது.

“ஓடும்போது எவ்வளவு இருக்குன்னு பாக்கணும் சார்,” என்றாள் ஸ்பானரக்கா.

“ஓடும்போது மனுஷனுக்கே சூடு ஏறும்மா. அதையெல்லாம் கணக்குல எடுத்தா உலகத்துல ஒருத்தனும் ஆரோக்கியமா இருக்க முடியாது,” என்றார் டாக்டர்.

மூன்றாம் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். “அத்தான் அவர்களே, பிரச்சினை முள்ளுல இல்ல, கோட்டுல. சிவப்புக் கோடு ரொம்ப முன்னாடியே வந்துடுது. கொஞ்சம் தள்ளிப் போட்டா முள்ளு போய்ச் சேர நேரமாகும்ல.”

கோடு தள்ளப்பட்டது. கூடவே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: ‘தகட்டை எக்காரணம் கொண்டும் எவரும் கழற்றக் கூடாது.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கார் மலையேற்றம். பன்னிரண்டு வளைவு. ஸ்பானரக்கா மூடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வளைவுகளை விரல்விட்டு எண்ணினாள். ஏழாவது வளைவுக்குள் பிஸ்டன் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பதினோரு மாத உழைப்பு மறுபடியும் சாக்குப்பைக்குப் போகும். பின்னாலேயே கொட்டகையும் போகும். ஏனென்றால், முன்யோசனைக்குப் பேர்போன செயலாளர் விபத்து அறிக்கையை இப்போதே அடித்து வைத்திருந்தார். ‘மெக்கானிக்கின் கவனக்குறைவால்’ என்று தொடங்கியது அது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் அவள் தலைவரிடம் போனாள்.

“தகட்டுல கறை ஏறியிருக்கு சார். பேரெல்லாம் மங்கலாத் தெரியுது.”

“யார் பேரு?”

“முதல்ல இருக்கிறதுதான் ரொம்ப மங்கல்.”

முதலில் இருந்தது தலைவருடைய பெயர். அவர் முகம் மாறியது. “அதை ஏம்மா இவ்வளவு நாளா சொல்லாம இருந்த? உடனே எடுத்து மெருகு போடு.”

“கழட்டக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே சார்.”

“இது கழட்டறது இல்லம்மா. மெருகு போடறது.”

நிர்வாக அறிவு என்பது இதுதான். அவள் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டு திருப்புளியைத் தேடிப் போனாள்.

வழக்கமாக வண்டி எங்கே போனாலும் பக்கத்து இருக்கையில் ஸ்பானரக்கா மடியில் கருவிப்பெட்டியோடு இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மெருகு இன்னும் முடியவில்லை என்று கொட்டகையிலேயே இருந்துவிட்டாள். தலைவர் ஓட்ட, செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் மலையேறியது. அவள் தகட்டை உட்கார்ந்து தேய்த்தாள். தேய்க்கத் தேவையே இல்லாத தகட்டை மூன்று மணி நேரம் தேய்த்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வளைவும் ஏறி இறங்கி, கார் யாரும் தள்ளாமல் தானாகவே ஓடிவந்து நின்றது. எண்ணெய்ச் சூடு தொண்ணூறு. அதற்குமேல் ஒரு இம்மிகூட ஏறவில்லை என்றார் தலைவர். ஸ்பானரக்கா மூடிமேல் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

மதியமே வெற்றிக் கூட்டம் கூடியது. கெட்டி எண்ணெய், அட்டவணை, தள்ளிப்போட்ட கோடு மூன்றையும் தலைவர் ஒவ்வொன்றாகப் பாராட்டினார். அவளுக்கு அடக்க முடியவில்லை.

“தகடு இல்லாம போச்சு சார். அதான் சூடு ஏறல. இனிமே அதைச் சுவத்துல மாட்டிக்கலாம்.”

செயலாளர் கையைத் தூக்கினார்.

“தலைவர் அவர்களே, இன்னிக்கு வண்டியில தகடு இல்ல. ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு வண்டியில மெக்கானிக்கும் இல்ல. ரெண்டுல எது காரணம்?”

எவருக்கும் தோன்றாத அறிவியல் பார்வை அது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘நியாயந்தான்’ என்று நான்கு குரல்கள் எழுந்தன.

“ஓட்டெடுப்புக்கு விட்டுடலாம்,” என்றார் தலைவர்.

வந்திருந்த உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். தகட்டில் பெயர் இருந்தவர்களும் அதே இருபத்து மூன்று பேர். இவ்வளவு நடுநிலையான சபை வேறெங்கும் அமையாது. இருபத்து மூன்று கைகள் உயர்ந்தன. எண்ணெய்ச் சூட்டுக்கு மெக்கானிக்தான் காரணம் என்று ஒருமனதாகத் தெரியவந்தது. மூன்று மாதமாக இன்ஜினுக்குள் தேடிய கோளாறு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும், தகடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானங்கள் வந்தன.

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ‘மெக்கானிக்கின் நன்றியுரை’ என்று இருந்தது. செயலாளர் குறிப்பேட்டில் ‘சங்கத்துக்கு உருக்கமாக நன்றி கூறினார், அனைவரும் கைதட்டினர்’ என்று ஏற்கெனவே எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார்.

“பேசும்மா, கூச்சப்படாத,” என்றார் தலைவர்.

ஸ்பானரக்கா எழுந்தாள். கருவிப்பெட்டியைக் கையில் எடுத்தாள். இருபத்து மூன்று பேரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.