ஒரே எருமை, பத்து ஊர்

மாட்டைப் பார்த்ததும் ‘எத்தனை லிட்டர் கறக்குது?’ என்று கேட்காத ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் உண்ணி நைனாதான். அவர் நேராகக் காதைத் தூக்கிப் பார்ப்பார். மாட்டின் காதைத்தான். உள்ளே கொழுகொழுவென்று உண்ணிகள் தென்பட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

காங்கோ காய்ச்சல் வைரஸ் எந்த ஊர் உண்ணியில் இருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சிக்குத் திருத்தணி சுற்றுவட்டாரத்தில் உண்ணி பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. நான் அவருக்குத் துணை. எனக்கு அப்போதே முப்பத்தெட்டு வயது. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் போகும்போது, வயலோரம் ஒரு பெரியவர் மாட்டு உண்ணியை நகத்தால் நசுக்குவதை நைனா பார்த்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடி, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாய்யா, நானு கொலையா பண்ணிட்டேன்?”

“நசுக்காத நைனா! ரத்தம் கக்கிச் சாவற ஜொரம் வரும்!”

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

டீக்கடையில் உட்கார்ந்தால் உலகக் கணக்கே பேசுவார். “ஒலகம் பூரா உண்ணிய புடிச்சி பாத்துகினு கீறாங்க நைனா. எல்லா உண்ணிலயும் அந்த வைரஸ் இருக்காது. கொஞ்சத்துலதான். ஆனா ஒரு ஊர்ல ஒண்ணுத்துலயும் இருக்காது, பக்கத்து ஊர்ல கொத்தா இருக்கும். ஊர் ஊரா எடுத்தாதான் தெரியும்.” பக்கத்தில் இருப்பவர் பாதி டீயோடு எழுந்து போவார்.

அவருக்கு ஒருநாள் கோயில் மலைப்படியில் கால் பிசகியது. பத்துச் சீசாக்களை என்னிடம் கொடுத்து, ஆர்.கே.பேட்டையிலிருந்து திருவாலங்காடு வரை ஊருக்கு ஒரு சீசா நிரப்பச் சொன்னார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தெருவில் ஒரு எருமை சும்மா படுத்திருந்தது. அதன் காதுகளிலிருந்தே பத்துச் சீசாவையும் நிரப்பி, ஊர்ப் பெயர் ஒட்டிவிட்டேன். சாயங்காலம் அவரிடம் களைத்துப்போனவன் மாதிரி நடித்தேன், வெட்கங்கெட்டவன்.

பத்திலும் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. நைனா நொண்டிக்கொண்டே மலையேறி, மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். “வேண்டிகினு இருந்தேன் நைனா. பத்து ஊருக்கும் போய் பயம் இல்லன்னு சொல்லிட்டு வரேன்.”

என் கையில் பிரசாதம் வைத்தார். அவர் பஸ்ஸில் கால் வைத்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மொட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

“கையாலயா புடுங்கின?”

“ஆங்... கையாலதாங்க.”

“அறிவு கீதா உனக்கு? ஜொரம் கிரம் வந்துச்சா?” அத்தனை பேர் நடுவில் என் காதை மடக்கி உள்ளே பார்த்தார்.

மறுநாள் ஆர்.கே.பேட்டையில் ஆரம்பித்தோம். அவர் நொண்டினார், நான் சீசா தூக்கினேன். இந்தமுறை ஒரு ஊர்ச் சீசாவில் வைரஸ் இருந்தது. ‘பயம் இல்ல’ என்று அவர் வாயால் நான் சொல்லவைக்க இருந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த ஊரில் வீடு வீடாகப் போய் எச்சரித்தார். என் எருமைக் கதையை எந்த வாசலிலும் சொல்லவில்லை.

இப்போதும் வேலை முடிந்து பிரியும்போது என் காதைத் தூக்கிப் பார்க்காமல் அவர் பஸ் ஏற மாட்டார். ஜனங்கள் சிரிக்கிறார்கள். நான் குனிந்து காட்டுகிறேன்.