சீனியர் டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு

ஒரு காட்டில், புலியே வந்தாலும் டோக்கன் கொடுத்து உட்காரவைக்கிற ஒரு காட்டில், வளை அனுமதி அலுவலகம் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் தட்டுகிற வேலை குமுதினி என்ற கீரிக்கு. ஊருக்கெல்லாம் மேட்டில் வளை தோண்ட அனுமதி அடித்துக் கொடுப்பவளின் சொந்த வளையோ ஓடைக்கரைப் பள்ளத்தில். வயிற்றில் குட்டிகள் வேறு. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மேட்டுக்குப் போக அவள் போட்ட விண்ணப்பமும் அதே கம்ப்யூட்டருக்குள்தான் சுற்றிக்கொண்டே கிடந்தது.

"ஏம்மா, எம் பேரை அடிச்சியே, வந்துச்சா?" என்றது வரிசையில் முதலில் நின்ற முள்ளம்பன்றி.

"முதல் எழுத்து வந்திருக்குண்ணே."

"அது நான் பொறந்தப்பவே வந்துடுச்சும்மா!"

இத்தனைக்கும் ஹார்டு டிஸ்க்கை இப்போதுதான் மாற்றியிருந்தார்கள். "வைரஸ்தான், வேப்பிலை அடி" என்றது கரடி. "அணைச்சுட்டுப் போடு, எல்லாம் சரியாயிடும்" என்றது காகம். குமுதினி அணைத்தாள், போட்டாள். போட்டதற்கு அது கொட்டாவி விட்டது. கடைசியில் மெக்கானிக் குரங்கு மாசியைக் கூப்பிட்டாள்.

மாசி மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். பழையது சந்தனம் குங்குமத்தோடு ஜம்மென்று வீற்றிருந்தது. புதியது ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது.

"பழசை ஏன்டா கழட்டலை?"

"எல்லாத்தையும் புதுசுல காப்பி பண்ணிட்டுக் கழட்டத்தான்க்கா போனேன். சூப்பிரண்டு ஐயா விடலை. 'சர்வீஸ்ல சீனியர்டா அது. எதுன்னாலும் முதல்ல அதைத்தான் கேக்கணும்'னு சொல்லி, பொட்டு வேற வச்சுட்டுப் போயிட்டாரு. மெஷின் முழிச்சதும் அதைப் போய் எழுப்புது. அது இருமி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடுது."

"அப்ப புதுசு?"

"அது இன்னும் புரொபேஷன்ல இருக்குக்கா."

குமுதினி சூப்பிரண்டு வேழமூர்த்தியிடம் ஓடினாள்.

"ஐயா, புதுசை முதல்ல வச்சாப் பறக்கும்ங்கய்யா!"

யானையின் காதுகள் விசிறியாய் ஆடின. "நேத்து வந்தது மேல உக்காந்தா நாங்கெல்லாம் எங்கம்மா போறது? நாளைக்கு என்னையும் கழட்டச் சொல்லுவே!"

வெளியே முதல் தூறல் விழுந்தது. குமுதினி திரும்பி வந்தாள்.

"மாசி, புதுசை முதல்ல வை."

"ஐயா கத்துவாரேக்கா?"

"ஐயாவை நான் பாத்துக்கறேன்."

பழையதன் பொட்டை எச்சில் தொட்டு அழித்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துப் புதியதற்குப் பெரிதாக ஒன்று வைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் அது துள்ளி எழுந்தது. பிரிண்டர் அனுமதிகளைத் துப்பித் தள்ளியது. வரிசை விசிலடித்தது.

சத்தம் கேட்டு வந்த வேழமூர்த்தி உள்ளே குனிந்து பார்த்தார். பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

"யாரும்மா ஓடுறது? சீனியரா?"

"அவரேதாங்கய்யா."

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா! அனுபவம்மா, அனுபவம்!" பக்கத்தில் வெறும் நெற்றியோடு கிடந்ததைத் தும்பிக்கையால் தட்டினார். "இதைக் கழட்டி எறி. இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையே ஓட மாட்டேங்குது."

அதே பூரிப்பில் குமுதினியின் மேட்டு வளை அனுமதி மீதும் காலைப் பதித்து முத்திரை வைத்தார்.

நீதி: பழையதை ஒழிக்க வேண்டுமா? அதுதான் புதியது என்று பெரியவர்களிடம் சொல்லிவிடு. அவர்களே தூக்கி எறிவார்கள்.