ஆயுத பூஜை வெண்பா

"புதுக்கவிதையா? நானா? இன்னொருக்கா அந்தப் பேச்சே எடுக்காதீங்க!" என்று கத்தினார் செக்கிங் சூப்பர்வைசர் நாச்சிமுத்து.

வீரபாண்டியில் அந்த பனியன் கம்பெனியின் ஆயுத பூஜை என்றால் பொரி, சுண்டல், முதலாளிமேல் நாச்சிமுத்து பாடும் ஒரு வெண்பா. மைக்கில் வாசித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். முதலாளி ஆறுச்சாமி அதை ஃபிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிடுவார். இந்த வருடம் புதிதாக வந்த எச்.ஆர். ஜெயசுதா குறுக்கே புகுந்துவிட்டாள்.

"வெண்பா ஒருத்தருக்கும் புரியறதில்லீங்க சார். புரியற மாதிரி எழுதலாமில்லீங்க?"

புரியாமல் இருக்கத்தானே வெண்பா! ஒன்றரை ஷிப்டு, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அரை கிளாஸ் டீ ஊற்றும் முதலாளியைப் புதுக்கவிதையில் திட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எதுகை மோனையோடு திட்டினால் ஃபிரேம் போடுகிறார்கள். சுவரில் தொங்கும் அத்தனை வெண்பாவிலும் ஆறுச்சாமி கருமி, கல்நெஞ்சன், ஈவிரக்கம் இல்லாதவர். இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"எழுதுனா வெண்பாதானுங்க. இல்லீன்னா எழுதவே மாட்டேன்!"

"சரிங்க சார், பழசையே வெச்சுக்கலாம். ஒரு தமிழ் வாத்தியாரக் கூட்டியாந்து, ஒவ்வொண்ணுக்கும் கீழ அர்த்தம் எழுதி ஒட்டீர்லாங்க."

நாச்சிமுத்து சுவரில் தொங்கிய ஃபிரேம்களைப் பதறிப் பார்த்தார்.

"என்ற பாட்டுக்கு எவனோ வந்து அர்த்தம் சொல்றதா?" என்று சீறினார்.

"அதுவும் சரிதானுங்க. அப்ப நீங்களே மேடையில அர்த்தம் சொல்லீருங்க. முதலாளிகிட்டக் கேட்டுட்டு வந்தர்றனுங்க."

தடுப்பதற்குள் அவள் முதலாளி அறைக்குள் போய்விட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த வயதில் வேலை போனால் எந்தக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள்? இலக்கண சுத்தமாகத் திட்டுகிறவனுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை இருக்கிறது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கைக்கு எட்டிய ஃபிரேம்களை அவசரமாகக் கழற்றினார். நாலைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தபோது ஜெயசுதா திரும்பி வந்தாள்.

"என்னங்க சார் பண்றீங்க?"

"தூசி தட்டறனுங்க! இந்த ஆபீசுல இதக்கூட நாந்தான் செய்யோணும்!"

"முதலாளி அர்த்தமெல்லாம் வேண்டாம்னுட்டாருங்க சார். அவரத் திட்டறது அவருக்கு மட்டும் புரிஞ்சாப் போதுமாமா. போன வருச வெண்பாவுல மூணாவது அடி தளை தட்டுதாமா, அத மட்டும் திருத்திக் குடுக்கச் சொன்னாருங்க."