பதினாறு வருஷத்துப் பயணி

பேராசிரியர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வரும் மூன்று நாளும் அவர் வீட்டில் இருக்கப் போவதில்லை. பீரோவை நகர்த்துவதும் பரண்மேல் ஏறுவதும் பெயின்டருக்கு டீ போட்டுக் கொடுப்பதும் புவியியல் படித்தவன் செய்கிற வேலையா? நல்லவேளை, அதே மூன்று நாளில் ஒரு கருத்தரங்கு வந்து சேர்ந்தது. சுற்றுச்சூழல், பண்பாடு, சுற்றுலா. கடலைப் பார்த்த அறை, மூன்று வேளையும் சாப்பாடு. கட்டுரைச் சுருக்கம் ஒன்று அனுப்ப வேண்டும், அது தேர்வாக வேண்டும். அவ்வளவுதான்.

"அப்போ பெயின்டரை யாரு பார்த்துக்கறது?" என்றாள் மனைவி. ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். உள்ளே நுழைகிறவன் பெட்டியைக் கீழே வைக்கிற தினுசிலேயே ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவாள்.

"நீதான். ஒருத்தராவது வீட்டுல இருந்தாகணுமே."

"நானும் ஒரு சுருக்கம் அனுப்பினா? சுற்றுலாத் துறையில வேலை பார்க்கறவங்களும் அனுப்பலாம்னு போட்டிருக்கே."

பேராசிரியருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இது ஆய்வும்மா! வருஷக்கணக்கா ஒரே விஷயத்தை உத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"பார்க்காமயா இருக்கேன்?"

"சரி, தாராளமா அனுப்பு. யாருது தேர்வாகுதோ அவங்க கடலுக்கு. இன்னொருத்தர் பெயின்டருக்கு. போதுமா?"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா!" என்று மார்பில் தட்டிக்கொண்டார் மனிதர்.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும். பேராசிரியர் எழுதியதில் தலைப்பே அறுபத்தொரு சொல். அதைக் கூடத்தில் நடந்துகொண்டே உரக்கப் படித்துப் படித்துத் திருத்தினார். பாதியில் மூச்சு முட்டி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபாதியைப் படித்தார். அடுப்படியில் குக்கர்கூட அவருக்குப் பயந்து மெதுவாகத்தான் விசில் அடித்தது.

கருத்தரங்கில் ஒரு விதி உண்டு. அனுப்பியவர்களே ஒருவர் சுருக்கத்தை இன்னொருவர் படித்து மதிப்பெண் போட வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து அவருக்கும் ஒன்று வந்தது. நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

'ஒரே வீட்டில் பதினாறு ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் ஒரு பயணியைப் பற்றிய ஆய்வு இது. சுற்றுச்சூழல்: அவர் விட்டுப் போன அறையில் விளக்கும் விசிறியும் ஓயாது. பண்பாடு: காப்பி குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே நினைவுச்சின்னமாக நிறுத்திவிட்டுப் போவார். சுற்றுலா: தினமும் குளித்து முடித்த பிறகுதான், துண்டு எங்கே என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். துண்டு பதினாறு ஆண்டுகளாகக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.'

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலிக் கையில் இருந்த காலி டம்ளர் ஆடியது. ஆளில்லாத பக்கத்து அறையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இங்க வாயேன்! எவனோ ஒரு மண்டு. இவனைக் கட்டிக்கிட்டு எந்த மகராசி கஷ்டப்படறாளோ!"

"பாவங்க அவ," என்றாள் மனைவி, டம்ளரை எடுத்துக்கொண்டே.

அவர் நூற்றுக்கு நூறு போட்டார். ஆலோசனை என்ற கட்டத்தில் தாராளமாக எழுதினார்: 'அபாரம்! இந்த ஆய்வாளரைக் கட்டாயம் அழைக்கவும். அந்த ஆளை மூன்று நாள் தனியாக விட்டுப் பார்த்தால் ஆய்வு இன்னும் சிறக்கும்.'

முடிவு வந்தது. பேராசிரியர் தேர்வாகவில்லை. அவருக்கு மதிப்பெண் போட்டவரின் குறிப்பும் கூடவே வந்திருந்தது: 'தலைப்பு முடிவதற்குள் சோறு குழைந்துவிட்டது. ஆய்வாளர் முதலில் சொந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கவும்.'

"எவன்டா இவன்!" என்று கத்தினார்.

"எவன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" மனைவி தன் கடிதத்தை நீட்டினாள். "நம்ம பிரிவுக்கு வந்ததே ரெண்டு சுருக்கம்தானாம். உங்களுது எனக்கு வந்துச்சு, என்னுது உங்களுக்கு வந்திருக்கு. நூத்துக்கு நூறுங்க!"

பேராசிரியர் வாங்கிப் படித்தார். கீழே தன் ஆலோசனையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு நாள் தனியா விடணும்னு நிபுணரே எழுதிட்டார். மீற முடியுமா?" என்று பெட்டியை எடுத்தாள் அவள்.

முதல் நாளே பெயின்டர் வீட்டுச் சாமான்களையெல்லாம் கூடத்தில் மலையாகக் குவித்துவிட்டார். கதவுகளுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று அவற்றில் தொங்கியதெல்லாம் அந்த மலைக்குள் போயிற்று. மறுநாள் காலை பேராசிரியர் குளித்து முடித்தார். வழக்கம்போல் குரல் கொடுத்தார். மேலே ஏணியில் இருந்த பெயின்டர், "எனக்குத் தெரியாதுங்க" என்று பதில் கொடுத்தார். வேறு வழியில்லை. சொட்டச் சொட்ட நின்று, குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"துண்டு எங்கே?"

"ஒரு நிமிஷங்க," என்றாள் அவள். "மேடையிலதான் நிக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், இப்ப இன்னொரு தடவை கேளுங்க."