பெண் வாத்தின் அலகு

வாத்தின் அலகு மான்சிக்கின் கையோடு வந்துவிட்டது. வாத்து மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

தூசி தட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். மாமியாரும் மாமனாரும் தேகுவிலிருந்து காலை ரயிலில் வருகிறார்கள். அதற்குள் கூடத்து அலமாரியைப் பத்திரிகைப் படம்போல ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. புத்தகங்களை உயரவாரியாக அடுக்கி, வெள்ளை ஜாடியை ஓரம் தள்ளி, நடுவில், கல்யாணத்தில் தம்பதிக்குக் கொடுக்கும் மர வாத்துகளை எதிரெதிரே வைக்கப் போனபோதுதான் இந்த விபரீதம்.

அந்த மர ஜோடி மாமியாரின் கல்யாணத்துக்கு வந்தது. "முப்பத்தாறு வருஷமா எங்க அலமாரில முகத்துக்கு முகம் பாத்து நின்னது. நாங்களும் அப்படித்தான், ஒரு நாள் முகம் திருப்பினதில்ல" என்று ஊர் கேட்கச் சொல்லித்தான் மகளுக்குக் கொடுத்தார். பொறுப்பில்லாத பையன் என்று இந்தக் கல்யாணத்தை ஆறு மாதம் இழுத்தடித்தவரும் அவர்தான். அலகு உடைந்தது தெரிந்தால் மகளைக் கையோடு கூட்டிப் போனாலும் போவார். மனைவி சொல்ஹீயிடமும் சொல்ல முடியாது. அம்மாவிடம் அவளால் எதையும் மறைக்க முடியாது.

அலகு போன பெண் வாத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

சொல்ஹீ சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் பொம்பள வாத்து முதுகைக் காட்டிட்டு நிக்குது?"

"சும்மா. பாக்க அழகா இருக்கேன்னு."

"ஜோடி திரும்பி நின்னா வீட்டுல சண்டைன்னு அர்த்தம். நேத்து உங்க அக்காவைப் பத்திச் சொன்னேனே, அதுக்கா? கோபம்னா வாயால சொல்லுங்க."

அவள் உள்ளே போனதும், மேசையிலிருந்த சோற்றில் நாலு பருக்கை எடுத்து மசித்து அலகை ஒட்டினான். நின்றது. கையை எடுத்ததும் சாய்ந்தது. அப்போதுதான் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. பெண் வாத்தின் அலகை நாடாவால் கட்டி வைப்பார்கள். பரிசுப் பெட்டியில் கிடந்த சிவப்பு நாடாவை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

"ஓகோ" என்றாள் சொல்ஹீ, பின்னாலிருந்து. "பொண்டாட்டி வாயை மூடிட்டு இருக்கணும்னு கட்டுவாங்களே, அதானே இது?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்ப அவுருங்க."

"அவுக்க முடியாது."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வான்? "வேணும்னா ஆம்பள வாத்துக்கும் கட்டிடறேன்."

"கட்டுங்க. ரெண்டு பேரும் பேசாமயே காலத்தை ஓட்டிடலாம்."

அழைப்பு மணி அடித்தபோது வாத்துகள் இரண்டும் வாய் கட்டி எதிரெதிரே நின்றன. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றார்கள்.

மாமியார் செருப்பைக் கழற்றியதும் நேரே அலமாரிக்குத்தான் போனார். "இது என்ன மாப்பிள்ளை, அந்தக் காலத்து வழக்கமெல்லாம்?" என்று பெண் வாத்தின் நாடாவை உருவினார். அலகு சோற்றுப் பருக்கையோடு அவர் காலடியில் விழுந்தது.

மான்சிக் ஓடிவந்தான். "அத்தை, நான்தான்... தூசி தட்டும்போது..."

மாமியார் திட்டவில்லை. முகம் சிவக்க, அவசரமாக அலகைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். "விடுங்க மாப்பிள்ளை, பழைய மரம்தானே."

கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

"மறுபடி கழண்டுடுச்சா? நீ அதை என் மண்டையில வீசின அன்னைக்கே சொன்னேன், ஒட்டினா நிக்காதுன்னு."