உதவி: வீட்டார்

துணி யானையின் தும்பிக்கைக்குள் பென்சிலின் மொட்டை முனையால் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள் அவள். திணித்தாள் என்பதைவிடக் குத்தினாள் என்பதே சரி. யானைக்கு வாயிருந்தால் கத்தியிருக்கும்.

காலையில் எதிர்வீட்டு அக்கா போனில் ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தாள். ஐந்தே நிமிடத்தில் ரசிகர் பக்கமும் கடையும் கட்டித் தருகிற ஏதோ ஒரு செயலியில் இவளுடைய வீட்டுக்காரரே கட்டியது. அவர் குளியலறைக் குழாய்க் கடையில் விற்பனையாளர். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவார். அந்தப் பக்கத்தில் இவள் தைத்த யானையை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை மாதிரி பூரித்து உட்கார்ந்திருந்தார். கீழே 'உருவாக்கியவர்: யானை மாமா'. அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில், 'உதவி: வீட்டார்'.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். அதனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகச் சுட்டது. மகள் பிறந்த வருஷம் பழைய சட்டைத் துணியில் அவளே வெட்டி வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த யானை அது. இடது காது பெரிதாக இருப்பதுகூட அவள் கத்தரி தவறியதால் வந்தது. அந்தக் காதுக்கு இப்போது எண்ணூறு ரசிகர்கள்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டாள்.

"வீட்டார்னா யாருங்க?"

"நீதான். உன் பேரைப் போட்டா நாலு பேரு பேச வருவாங்க. சிலிண்டர் போட ஆளு வந்தாலே கதவுக்குப் பின்னாடி போய் நிக்கிறவ நீ."

அது உண்மை. உண்மை என்பதால் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கதவுக்குப் பின்னால் நின்றால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகலாமா?

அவர் குளிக்கப் போனார். மேசையில் கிடந்த போன் முனகியது. அந்தச் செயலி தினமும் கேட்கிற, அவர் தினமும் 'பிறகு' என்று தள்ளுகிற கேள்வி: உங்கள் ரசிகர்களுக்கு நேரலையில் செய்து காட்டுகிறீர்களா? அவள் அவசரப்படாமல் எழுத்துக் கூட்டினாள். 'ஆம்' என்று தட்டினாள். ஞாயிறு, நாலு மணி. அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் செயலி எண்ணூறு பேருக்கும் சொல்லி முடித்துவிட்டது.

துண்டோடு ஓடி வந்தார். "இதை யாரு தட்டினது?"

"வீட்டார்."

ரத்து செய்யலாம்தான். ஆனால் அவருடைய குழாய்க் கடை முதலாளியே 'கண்டிப்பாக வருகிறேன்' என்று எழுதிவிட்டார். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை தைத்துப் பழகினார். யானையைக் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டார். அவர் எழுந்தபோது யானையும் கூடவே எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழைந்தார். "நான் மேலே உக்காந்து பேசறேன். நீ மேசைக்கு அடியில உக்காந்து தைச்சுத் தைச்சு நீட்டு."

மேசைக்கு அடியில். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"பேரை மாத்துங்க."

அது அப்புறம் பார்க்கலாம் என்றார். செயலிக்குக் கோபம் வரும் என்றார். கடிகாரம் இரண்டு நிமிடம் என்றது. மாமாவை அழித்தார், அவள் பெயரை அடித்தார். அவள் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தாள். எறும்பு எழுத்து வரியை அழிக்கப் போனவரைத் தடுத்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

முகம் காட்டவில்லை, கை மட்டும்தான். கைக்குக் கூச்சம் தெரியாது. அது பாட்டுக்குத் தைத்தது. பக்கத்தில் அவர் முகம் முழுக்கத் தெரியப் பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்தார். மாமா ஏன் தைக்கவில்லை என்று யாரோ எழுதிக் கேட்டார்கள். அவள் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"அவரு உதவிங்க. பஞ்சு நல்லா பிய்ப்பாரு. ஊசிய மட்டும் தர மாட்டேன். ஏன்னா நேத்து அவரு தைச்சப்ப கால்சட்டையும் யானையும்..."

"அம்மா, வந்து கழுவி விடு," கழிப்பறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

யானையை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போனுக்கு எதிரே அவர் மட்டும். முதல் ஆளாக முதலாளி எழுதினார்: 'கால்சட்டையும் யானையும், அப்புறம்?'